டெல்லிக்குப் போவது ஏற்றமா, ஓரங்கட்டலா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவு: கொருக்குப்பேட்டையில் உங்கள் மாமா ஒரு மாநிலக் கட்சியில் வட்டச் செயலாளராகத் தொடங்கிப் பகுதிச் செயலாளர் வரை வந்திருக்கிறார். இப்போது வட சென்னை எம்.பி. சீட்டுக்கு அவர் பெயர் அடிபடுகிறது. வீட்டில் பாதிப் பேருக்குத் தலைகால் புரியவில்லை, மீதிப் பேர் "எம்.எல்.ஏ. ஆகவேண்டிய மனுஷனை டெல்லிக்கு அனுப்பி ஓரங்கட்டப் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? உங்கள் கேள்வி பதவியைப் பற்றியது போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது வேறொன்று. மாநிலக் கட்சிக்காரர் ஒருவரின் அரசியல் வாழ்க்கையில் நாடாளுமன்றம் எந்த இடத்தில் வருகிறது, அங்கே போனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் அது. ஒரு நாளிதழில் வட சென்னைச் செய்தியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை வாங்கியதில்லை. சீட்டு முடிவாகும் அறைக்குள் நிருபர்கள் யாரும் போனதில்லை, நானும் போனதில்லை. ஊரறிந்த வரலாற்றையும், வாசலில் நின்று பார்த்ததையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாநிலக் கட்சியில் ஏணியின் உச்சி கோட்டையில்தான் இருக்கிறது. தேசியக் கட்சிக்காரருக்கு எம்.எல்.ஏ., எம்.பி., மத்திய அமைச்சர் என்று வரிசை மேலே போகும். இங்கே அப்படியில்லை. கட்சித் தலைவர் சென்னையில் இருக்கிறார், அமைச்சரவை சென்னையில் இருக்கிறது, டெண்டரும் வாரியப் பதவியும் சென்னையில் இருக்கின்றன. நாஞ்சில் மனோகரனைப் பாருங்கள். கையில் சிறு கோலோடு வலம் வந்ததால் 'மந்திரக்கோல் மைனர்' என்று பெயர் வாங்கியவர். 1967லும் 1971லும் வட சென்னையிலிருந்து திமுக சார்பில் மக்களவைக்குப் போனார். 1969ல் காங்கிரஸ் உடைந்தபின் இந்திரா காந்தி பெரும்பான்மை இல்லாமல் ஆட்சி நடத்தியபோது, இருபத்தைந்து எம்.பி.க்களைக் கொண்ட திமுகவின் ஆதரவு அவருக்கு வேண்டியிருந்தது. டெல்லியில் திமுக எம்.பி.யாக இருப்பதற்கு அதைவிட நல்ல காலம் அதுவரை வந்ததில்லை. அப்படி இருந்தும் மனோகரனின் வாழ்க்கையில் பெரிய பதவி எது என்று கேட்டால், எம்.ஜி.ஆர். பக்கம் வந்து 1977ல் தமிழகத்தின் நிதியமைச்சர் ஆனாரே, அதைத்தான் பழைய ஆட்கள் சொல்வார்கள். பிறகு திமுகவுக்கே திரும்பி, கலைஞர் அமைச்சரவையிலும் இருந்தார். டெல்லியிலிருந்து கோட்டைக்கு வந்ததை யாரும் இறக்கம் என்று சொல்லவில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் சந்தேகப்படுபவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் அவர்கள் விட்டுவிட்ட பாதி ஒன்று இருக்கிறது. அதை என்.வி.என். சோமுவின் கதை தெளிவாகக் காட்டும்.

சோமுவின் தந்தை என்.வி. நடராசன் திமுகவைத் தொடங்கிய ஐவரில் ஒருவர். அந்தக் கட்சி பிறந்ததும் நம்ம பக்கம்தான். 1949 செப்டம்பர் 17ஆம் தேதி பவளக்காரத் தெரு ஏழாம் எண் வீட்டில் முடிவெடுத்தார்கள், மறுநாள் கொட்டுகிற மழையில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் பொதுக்கூட்டம் நடத்தினார்கள். அந்த வீட்டுப் பிள்ளை 1984 டிசம்பரில் வட சென்னையில் நிற்கிறார். இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருக்கிறார். காங்கிரசும் அதிமுகவும் கைகோர்த்து நின்றன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் திமுகவுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒன்று வட சென்னையில் சோமு, இன்னொன்று மத்திய சென்னையில் டாக்டர் அ. கலாநிதி. (2019ல் வட சென்னையில் வென்ற கலாநிதி வீராசாமி வேறு. பெயர்க் குழப்பம் பலருக்கு வருகிறது.) அலையில் எல்லாரும் அடித்துக்கொண்டு போனபோது கரையில் நின்ற ஆள் என்றால் கட்சிக்குள் மரியாதை எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஆனால் டெல்லியில்? நானூறுக்கும் மேற்பட்ட காங்கிரஸ் உறுப்பினர்கள் உட்கார்ந்த அவை அது. எதிர்க்கட்சிகளில் பெரியது முப்பது இடம் பிடித்த தெலுங்கு தேசம். மக்களவையில் பேச நேரம் கட்சியின் எண்ணிக்கைப்படிதான் ஒதுக்கப்படும். இரண்டு பேர் உள்ள கட்சிக்குப் பெரிய விவாதத்தில் சில நிமிடங்கள் கிடைக்கும், அதுவும் அவை காலியாகத் தொடங்கிய நேரத்தில். கேள்வி நேரத்தில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு எடுக்கப்படும் கேள்விகள் இருபதுதான், அதையும் குலுக்கலில் எடுப்பார்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த அவையில் இரண்டு பேர் எதையும் அசைத்திருக்க முடியாது.

பிறகு 1989, 1991 இரண்டு மக்களவைத் தேர்தல்களிலும் திமுகவுக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடமும் இல்லை. 1996ல் அதே சோமு, அதே வட சென்னை, அதே உதயசூரியன். ஆனால் இந்த முறை டெல்லியில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பதின்மூன்று கட்சிகள் சேர்ந்து ஐக்கிய முன்னணி அமைக்கின்றன. திமுகவின் கையில் 17 பேர், கூட்டாளியான தமாகாவின் (தமிழ் மாநில காங்கிரஸ்) கையில் 20 பேர். தேவகவுடா அமைச்சரவையில் சோமு பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் ஆகிறார். முலாயம் சிங் யாதவ் கேபினட் அமைச்சர், அடுத்த நிலையில் இவர். முதல் முறை கடைசி வரிசையில் இருந்தவரை இரண்டாம் முறை படைத்தளபதிகள் வணங்கி வரவேற்றார்கள். இடையில் சோமுவின் திறமை பத்து மடங்கு கூடிவிடவில்லை. மாறியது டெல்லியின் கணக்கு மட்டும்தான். மாநிலக் கட்சி எம்.பி.யின் மதிப்பு அவருடைய தொகுதியிலும் தீர்மானிக்கப்படுவதில்லை, பேச்சிலும் தீர்மானிக்கப்படுவதில்லை. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் யார் எத்தனை இடம் பிடித்தார்கள் என்பதில் தீர்மானிக்கப்படுகிறது. உங்கள் மாமா எந்த வகை எம்.பி. ஆவார் என்பது கொருக்குப்பேட்டை வாக்காளர் கையில் பாதிகூட இல்லை.

சோமுவின் முடிவு எல்லாருக்கும் தெரியும். 1997 நவம்பர் 14 அன்று அருணாசலப் பிரதேசத்தில், எல்லைப் பகுதிகளைப் பார்வையிடப் போனபோது ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். இரண்டே வாரத்தில் அந்த அரசும் போய்விட்டது. ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையைக் காட்டி, திமுக அமைச்சர்களை நீக்கச் சொன்னது வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸ், தேவகவுடாவுக்குப் பின் பிரதமரான குஜ்ரால் மறுத்தார், ஆதரவு விலக்கப்பட்டது. உயிரோடு இருந்திருந்தால் சோமுவும் நவம்பர் கடைசியில் ராஜினாமா செய்த அரசின் அமைச்சராகத்தான் இருந்திருப்பார். டெல்லியில் கிடைக்கும் அதிகாரம் இவ்வளவு குறுகியது என்பதையும் கணக்கில் வையுங்கள். சோமுவின் மகள் டாக்டர் கனிமொழி 2021ல் மாநிலங்களவைக்குப் போனார். மூன்றாம் தலைமுறை.

கணக்கு எப்படி ஒருவரைத் தூக்கிவிடும் என்பதற்கு இன்னொரு ஆள் ஜி. லட்சுமணன். 1977ல் அதிமுக–காங்கிரஸ் அலையிலும் வட சென்னையைத் திமுகவுக்குக் காப்பாற்றிக் கொடுத்த ஏ.வி.பி. ஆசைத்தம்பி, நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தில் சிறை சென்றவர், பதவிக் காலத்திலேயே 1979ல் இறந்துவிட்டார். அடுத்து 1980ல் வென்றவர் லட்சுமணன். அப்போது திமுக இந்திரா காந்தியோடு கூட்டணி. அந்த நெருக்கத்தில் மக்களவைத் துணைத் தலைவர் பதவி அவருக்கு வந்தது, 1984 முடிய அதில் இருந்தார். இன்று வடசென்னையில் பத்து பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு அவர் பெயர் தெரியாது. அவையின் நாற்காலியில் உட்கார்ந்து நாட்டையே பேசவிட்டவர், கல்மண்டபத்தில் மறக்கப்பட்டுவிட்டார். இது அவர் குற்றமில்லை. அந்தப் பதவியில் இருப்பவர் கட்சிக்காகவும் தொகுதிக்காகவும் சத்தம்போட முடியாது.

இதற்கு நேரெதிர் தா. பாண்டியன். 1989லும் 1991லும் வட சென்னையில் கை சின்னத்தில் நின்று வென்ற கம்யூனிஸ்ட். மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே வழியில் போன ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், காங்கிரஸ் கூட்டணியில் நின்றார். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியின் பேச்சை மொழிபெயர்க்கப் போய், குண்டுவெடிப்பில் படுகாயத்தோடு தப்பியவர். பின்னால் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் திரும்பி அதன் மாநிலச் செயலாளரானார். 2009ல் அதே வட சென்னையில் நின்று திமுகவின் டி.கே.எஸ். இளங்கோவனிடம் தோற்றார். மேடையில் அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் எப்போதும் வரும். ஆனால் கேட்ட கூட்டமெல்லாம் ஓட்டாக மாறவில்லை.

தொகுதியில் வேர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நார்த் மெட்ராசில் அது வெகுகாலம் தொழிற்சங்கத்திலிருந்துதான் வந்தது. 1957ல் இந்தத் தொகுதி தனியாகப் பிரிந்தபோது முதலில் போனவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை. யாழ்ப்பாணத்துக்காரர். பெரம்பூர் பக்கத்துப் பி அண்ட் சி துணி ஆலைத் தொழிலாளர்களின் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர், துறைமுகத் தொழிலாளர்களையும் திரட்டியவர். பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லாமல் வென்றார். நாற்பது ஆண்டு கழித்து, 1998, 1999, 2004 என்று மூன்று முறை தொடர்ந்து வென்ற செ. குப்புசாமியும் திமுகவின் தொழிற்சங்கமான தொமுச ஆள். 1998ல் அதிமுக–பாஜக கூட்டணி முப்பது இடங்களை அள்ளிக்கொண்டு போனபோதும் அவர் தப்பினார். கேட்–மீட்டிங் போட்டுப் பழகிய ஆளுக்கு டெல்லியில் என்ன மரியாதை என்பது இங்கே பெரிய விஷயமில்லை. போனஸ் பேச்சுவார்த்தைக்கு அவர் வந்து உட்கார்ந்தாரா என்பதுதான் விஷயம். ஆலை போய்விட்டது, கப்பலில் தோளால் மூட்டை இறக்கிய காலம் போய்விட்டது. ஆயிரக்கணக்கான நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்த இடத்தில் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். சங்கம் வழியாக எம்.பி. ஆகும் பாதை அதனோடு ஒடுங்கிவிட்டது என்பது என் கணிப்பு. இதை நிரூபிக்க என்னிடம் புள்ளிவிவரம் கிடையாது.

இனி வேலை என்று வருவோம். உங்கள் மாமா பகுதிச் செயலாளராக இருந்து பழகிய வேலைக்கும் எம்.பி. வேலைக்கும் சம்பந்தம் குறைவு. காலையில் வாசலுக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது கழிவுநீர் அடைப்பு, குடிநீர் லாரி, பட்டா, முதியோர் உதவித்தொகை. இதில் ஒன்றுகூட நாடாளுமன்றத்துக்குச் சொந்தமில்லை. மாநகராட்சி, குடிநீர் வாரியம், தாசில்தார். "எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொன்னால் ஓட்டுப் போட்டவர் நம்ப மாட்டார். அதனால் எம்.பி.யும் கவுன்சிலர் வேலை பார்ப்பார், கவுன்சிலர் முகம் சுளிப்பார்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றிப் பெரிய பிரமை இருக்கிறது. 1993ல் தொடங்கிய திட்டம், இப்போது ஆண்டுக்கு ஐந்து கோடி. எம்.பி. கையில் ஒரு பைசா வராது; அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் செய்யும். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 83 லட்சம். அதே இடத்தில் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு மூன்று கோடி இருக்கிறது. பஸ் நிழற்குடை, உடற்பயிற்சிக் கூடம், பள்ளிக்கு இரண்டு வகுப்பறை என்று எம்.பி. பெயர் எழுதிய பலகைகள் ஏன் சின்ன வேலைகளிலேயே தெரிகின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

லெட்டர்பேடு முன்பு பெரிய ஆயுதமாக இருந்தது. எண்பதுகளில் டெலிபோன் கனெக்‌ஷனும் கேஸ் கனெக்‌ஷனும் எம்.பி. ஒதுக்கீட்டில் கிடைக்கும், அந்தக் கடிதத்துக்காக வாசலில் வரிசை நிற்கும். கேந்திரிய வித்யாலயாவில் ஆண்டுக்குப் பத்து இடம் இருந்தது, 2022ல் அதையும் எடுத்துவிட்டார்கள். மீதியிருப்பது ரயில் டிக்கெட்டுக்கு ஈ.க்யூ. (அவசர ஒதுக்கீடு) கடிதமும், அறுவை சிகிச்சைக்குப் பிரதமர் நிவாரண நிதி கேட்கும் கடிதமும். இந்த இரண்டாவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஒரு குழந்தையின் இதய ஆபரேஷனுக்குப் பணம் வாங்கிக் கொடுத்த எம்.பி.யை அந்தத் தெரு மூன்று தேர்தல் வரை மறக்காது. அவையில் பேசிய பேச்சை அடுத்த வாரமே மறந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டு மனம் தளர வேண்டாம். எம்.பி.க்கு உண்மையான வேலை உள்ள தொகுதி தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறதென்றால் அது வட சென்னைதான். சுற்றிப் பாருங்கள்: சென்னைத் துறைமுகம், அதன் நிர்வாகத்தோடு பின்னிக் கிடக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பணிமனைகள், கொருக்குப்பேட்டை யார்டு, தொகுதியை ஒட்டி மணலி சுத்திகரிப்பு ஆலை. எல்லாம் மத்திய அரசின் கை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நின்றதற்குத் துறைமுகமும் சுங்கமும் காரணம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது பதில் சொல்ல வேண்டியவை கப்பல் துறையும் கடலோரக் காவல் படையும். 1856ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பெரிய முனையமாக்கும் கோரிக்கை ரயில்வே அமைச்சகத்தின் மேசையில்தான் கிடக்கிறது. மாநில எம்.எல்.ஏ. கத்தினாலும் இவை நகராது. ஆனால் எம்.பி. கத்தினால் உடனே நகரும் என்றும் சொல்ல மாட்டேன். துறைமுகத்து நிலக்கரித் தூசியை ராயபுரம் மக்கள் ஆண்டுக்கணக்கில் சுவாசித்தார்கள். கடைசியில் 2011ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் எண்ணூருக்குப் போயின.

இந்த வேலை நடக்கும் இடம் டிவியில் தெரியும் அவை இல்லை, நிலைக்குழு. இப்போது துறைவாரியாக 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள், அமைச்சகச் செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அங்கே ஒரு துறைமுக அதிகாரியைக் காகிதத்தோடு மடக்கத் தெரிந்த எம்.பி., அவையில் பத்து நிமிடம் முழங்குபவரைவிடத் தொகுதிக்கு அதிகம் செய்கிறார். அது செய்தியாகாது, ஓட்டும் ஆகாது. என் அனுபவத்தில் நிருபர்கள் அந்தக் குழு அறிக்கைகளைப் படிப்பதும் குறைவு. என்னையும் சேர்த்துத்தான்.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். ஒருவரை டெல்லிக்கு அனுப்புவது பரிசா தண்டனையா என்பது தலைமையின் மனதில் இருப்பது. வெளியே இருந்து படிக்க முடியாது. ஒரே முடிவை இரண்டு விதமாகவும் விளக்கலாம். வெற்றிக்கு வேட்பாளர் எவ்வளவு காரணம், கூட்டணி எவ்வளவு காரணம் என்பதும் அப்படித்தான். 2014ல் முதல்முறையாக இந்தத் தொகுதியை அதிமுகவுக்கு வாங்கித் தந்தவர் டி.ஜி. வெங்கடேஷ் பாபு, ஆனால் அந்த ஆண்டு அதிமுக 39ல் 37ஐ வென்றது. 2019ல் கலாநிதி வீராசாமி நாலரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். அவர் முன்னாள் அமைச்சர் ஆற்காடு வீராசாமியின் மகன், டாக்டர். ஆனால் அந்த ஆண்டும் அலை ஒன்று இருந்தது. 2024லும் அவரே வென்றார். தந்தை பெயர் எத்தனை ஓட்டு, அலை எத்தனை ஓட்டு என்று பிரித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஊகம்தான்.

பதிவில் உள்ள ஒரு போக்கு மட்டும் உங்கள் மாமாவுக்கு உதவும். தலைமையின் நம்பிக்கை இருந்தால் தோல்வி முடிவாகிவிடாது. இளங்கோவன் 2009ல் எம்.பி., பிறகு 2016ல் மாநிலங்களவை. 2014ல் வட சென்னையில் தோற்ற வழக்கறிஞர் இரா. கிரிராஜன் 2022ல் மாநிலங்களவைக்குப் போனார். இருவருமே கட்சிக்கு டெல்லியில் தேவைப்படும் வேலை தெரிந்தவர்கள். ஒருவர் செய்தித் தொடர்பாளர், இன்னொருவர் சட்டத்துறைக்காரர்.

ஆகவே என் பதில்: பகுதிச் செயலாளர் பொறுப்பை விட்டுக்கொடுத்துவிட்டு எம்.பி. ஆவதென்றால் அது ஓரங்கட்டலில் முடிய வாய்ப்பு அதிகம். பொறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு போவதென்றால் ஏற்றம். இந்தக் கட்சிகளில் மாவட்டச் செயலாளரின் சொல்லுக்கு இருக்கும் கனம் எம்.பி.யின் சொல்லுக்கு இருக்காது. அதிலும் வட சென்னையில் எம்.எல்.ஏ.க்களே மலைபோல நிற்பார்கள். கொளத்தூரில் 2011 முதல் 2021 வரை மூன்று தேர்தல்களிலும் ஸ்டாலின், ஆர்.கே. நகரில் 2015லும் 2016லும் ஜெயலலிதா. முதலமைச்சரின் தொகுதிக்குள் எம்.பி. தனியாக விழா எடுக்க முடியுமா என்ன? உங்கள் மாமா அதைப் பொறுத்துக்கொள்ளும் குணமுள்ளவரா என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

சீட்டு கிடைத்தால் இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். செலவுக்கான தேர்தல் ஆணைய உச்சவரம்பு 95 லட்சம். கணக்கெழுத முதல் நாளிலிருந்தே தனி ஆள் போடச் சொல்லுங்கள், பாதியில் உட்கார்ந்து எழுதினால் வம்பு வரும். வென்றால், கட்சியிடம் எந்த நிலைக்குழு வேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். துறைமுகங்கள் வரும் போக்குவரத்துக் குழுவையோ ரயில்வே குழுவையோ கேட்கட்டும். இந்தியும் ஆங்கிலமும் சரளமாக வராது என்ற கூச்சம் வேண்டாம். முன்கூட்டிச் சொன்னால் அவையில் தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் அதிகாரிகளின் ஆங்கிலக் கோப்பைப் படித்து இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கிக் கொடுக்கத் தெரிந்த ஓர் உதவியாளர் கட்டாயம் வேண்டும். அந்த இடத்துக்குச் சொந்தக்காரப் பையனைப் போட்டுவிட வேண்டாம்; நீங்களே அந்தப் பையனாக இருந்தாலும்.